ஞாயித்துக்கிழமை சிஸ்டம் ஃபார்மேட் அடிக்கப் போறாங்க, டி டிரைவ்ல இருக்கிறது பத்திரமா இருக்குமா?

அச்சுக்கூடம்_புதுகை:

எல்லாருக்கும் வணக்கம். புதுக்கோட்டைல சின்னதா டிடிபி ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பில் புக்கு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பொழப்பு. கடைல இருக்கிறது ஒரே ஒரு சிஸ்டம், 2018 கடைசில அசெம்பிள் பண்ணினது, ஐ3 எட்டாவது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அதுக்குத்தான் 2025 அக்டோபர் 14ஓட அப்டேட் நின்னு போச்சு, அது போக இப்ப ஒரு ஆறு மாசமா சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, காலைல ஆன் பண்ணிட்டு வாசல் பெருக்கி தண்ணி தெளிச்சிட்டு வந்தாலும் டெஸ்க்டாப் முழுசா வந்திருக்காது, கோரல்ங்கிற டிசைன் சாஃப்ட்வேர்ல ஒரு ஃபைல திறந்தா கஸ்டமர் எதிர்ல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காரு.

சிஸ்டம் பாக்குற தம்பி ஒருத்தர் வர்ற ஞாயித்துக்கிழமை வந்து ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் 11 போட்டுத் தரேன்னு சொல்லிருக்காரு. பேக்கப் எடுக்கணுமான்னு கேட்டதுக்கு, "சி டிரைவ் மட்டும்தாண்ணே அழியும், டெஸ்க்டாப்ல இருக்கிறத தூக்கி டில போட்டு வெச்சிருங்க, போதும்"ங்கறாரு.

ஆனா எனக்கு மனசு ஒப்பல. டில இருக்கிறது ஏழு வருஷ வேலை, 380 ஜிபி கிட்ட வருது. மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு அடிச்ச பத்திரிகையத்தான் சின்னவ கல்யாணத்துக்கும் எடுத்து பேரு தேதி மாத்தி அடிக்கிறது. அதெல்லாம் போனாக்கூட திரும்ப டைப் பண்ணிக்கலாம். கண்ணீர் அஞ்சலிக்குன்னு குடுத்த போட்டோ இருக்கு பாருங்க, அதுல சிலது ரேஷன் கார்டுல இருந்தும் குரூப் போட்டோல இருந்தும் நான் வெட்டி எடுத்து சரி பண்ணினது. சில வீட்டுல அந்தப் பெரியவங்களோட நல்ல படம்னு வேற ஒண்ணே கெடையாது, வருஷ திதிக்கு எங்கிட்டதான் வந்து கேக்குறாங்க. அது போச்சுன்னா நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்றது.

கைல 32 ஜிபி பென் டிரைவ் ஒண்ணுதான் இருக்கு. டிலயே போட்டு வெச்சா போதுமா, இல்ல வேற என்னென்ன எடுக்கணும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

வன்தட்டு:

அண்ணே, மொதல்ல அந்த ஞாயித்துக்கிழமைய ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. நான் கோயம்புத்தூர்ல 12 வருஷமா சர்வீஸ் பாக்குறேன், இந்த "டி அழியாது" பேச்ச நம்பி அழுதுக்கிட்டு வந்தவங்களத்தான் அதிகமா பாத்திருக்கேன்.

தம்பி சொன்னது பொய்யில்ல. எல்லாம் ஒழுங்கா நடந்தா டி அழியாதுதான். ஆனா சியும் டியும் ரெண்டு டிஸ்க் கெடையாது, ஒரே பீரோல ரெண்டு தட்டு மாதிரி. பீரோவே போச்சுன்னா ரெண்டும் போச்சு.

இப்ப டி எங்க போகுதுன்னு சொல்றேன், இத ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. 2018ல அசெம்பிள் பண்ணின நெறய சிஸ்டத்துல டிஸ்க்க எம்பிஆர்ங்கிற பழைய முறைல பிரிச்சுதான் விண்டோஸ் போட்டிருப்பாங்க. விண்டோஸ் 11க்கு சிஸ்டம் யூஇஎஃப்ஐங்கிற புது முறைல ஆன் ஆகணும், அதுக்கு டிஸ்க்க ஜிபிடிங்கிற புது முறைல பிரிச்சிருக்கணும். தம்பி பென் டிரைவ்ல இருந்து இன்ஸ்டால் ஆரம்பிச்சு, சிய ஃபார்மேட் பண்ணி, நெக்ஸ்ட் அமுக்குவாரு, அங்க "இந்த டிஸ்க்ல விண்டோஸ் போட முடியாது"ன்னு வந்து நிக்கும். அதுக்குள்ள சி போயாச்சு, பின்னாடி போக வழியில்ல, நீங்க பக்கத்துல நிக்கிறீங்க, மணி ஏழாகுது. அந்த எடத்துல சுளுவான வழி டிஸ்க்ல இருக்கிற எல்லா பார்ட்டிஷனையும், அதாவது அந்தத் தட்டு எல்லாத்தையும், டெலீட் பண்றதுதான். அதோட டியும் போச்சு. எம்பிஆர்ல இருந்து ஜிபிடிக்கு அழிக்காம மாத்தறதுக்கு விண்டோஸ் 10லயே ஒரு கருவி இருக்கு, எம்பிஆர்டூஜிபிடின்னு பேரு, ஆனா டி லாஜிக்கல் பார்ட்டிஷனா, அதாவது ஒரு பார்ட்டிஷனுக்குள்ள பிரிச்ச பார்ட்டிஷனா, இருந்தா அது ஒத்துக்காது, அதையும் பேக்கப் இல்லாம ஓட்டக் கூடாது.

அப்புறம் இன்ஸ்டால் ஸ்கிரீன்ல சி, டின்னு எழுத்து வராது. பார்ட்டிஷன் 1, 2, 3ன்னு நம்பரும் சைஸும்தான் வரும், பேரு வெச்சிருந்தா அந்தப் பேரும் தெரியும். அவசரத்துல மாத்தி அமுக்கினவங்கள எனக்கே தெரியும்.

ரெண்டு விஷயம் பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஒண்ணு, டிஸ்க் மேனேஜ்மென்ட்ல கீழ டிஸ்க் 0ன்னு இருக்கிற எடத்துல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், வால்யூம்ஸ், அதுல பார்ட்டிஷன் ஸ்டைல்னு என்ன போட்டிருக்கு. ரெண்டாவது, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அத இறக்கி ஓட்டுங்க, மேல நீலமா மஞ்சளா செவப்பான்னு மட்டும் பாருங்க. ஏழு வருஷ ஹார்ட் டிஸ்க், ஆறு மாசமா ஸ்லோங்கறீங்க, எனக்கு சந்தேகம் விண்டோஸ் மேல இல்ல.

அச்சுக்கூடம்_புதுகை:

அண்ணே பாத்துட்டேன். ஸ்டைல் எம்பிஆர்தான் போட்டிருக்கு. அந்த சாஃப்ட்வேர்ல மஞ்சக் கலர்ல காஷன்னு வருது, கீழ சி5ன்னு ஒரு வரில கரண்ட் பெண்டிங் செக்டர்னு, அதுக்கு எதிர்லயும் மஞ்சப் புள்ளி. இது என்னண்ணே?

வன்தட்டு:

அதான் நெனச்சேன். டிஸ்க்ல சில எடத்தப் படிக்க முடியாம திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கு, அதான் உங்களுக்கு ஸ்லோவா தெரியுது. ஃபார்மேட் அடிச்சா தீர்ற வியாதி இல்ல இது. அதே டிஸ்க்ல 11 போட்டிருந்தா ரெண்டு மாசத்துல மறுபடி இதே கத, இல்லன்னா மொத்தமா படுத்திருக்கும்.

இனிமே அந்த டிஸ்க்ல புதுசா எதையும் எழுதாதீங்க. செக்டிஸ்க் ஓட்டாதீங்க, டீஃப்ராக் பண்ணாதீங்க, டெஸ்க்டாப்ல இருக்கிறத டிக்கு மாத்தறேன்னு மாத்திக்கிட்டு இருக்காதீங்க. இதெல்லாம் நல்லா இருக்கிற டிஸ்க்குக்கு. சாகப் போற டிஸ்க்குக்கு இதுதான் கடைசி உதை.

இன்னிக்கே 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்குங்க. சிஸ்டத்துக்கு உள்ள ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா போட ஒரு எஸ்எஸ்டியும் வேணும், ஆனா இப்ப ஒண்ணுதான் வாங்க முடியும்னா மொதல்ல எக்ஸ்டர்னல், எஸ்எஸ்டி அடுத்த மாசம் வாங்கிக்கலாம். வாங்கினதும் 380 ஜிபியையும் மொத்தமா செலக்ட் பண்ணி இழுத்து விடாதீங்க. எது போனா உங்களால திரும்ப செய்யவே முடியாதோ அத மொதல்ல எடுங்க. உங்களுக்கு அது அந்தப் பெரியவங்க போட்டோ. அதுக்கப்புறம் கணக்கு, அதுக்கப்புறம் இந்த வருஷ வேலை, அப்புறம் போன வருஷம், இப்படியே பின்னாடி போங்க. சினிமா பாட்டு சாஃப்ட்வேர் செட்டப் எல்லாம் கடைசி, வரலன்னா விட்டுருங்க. டிஸ்க் நடு வழில படுத்தாலும் முக்கியமானது வெளிய வந்திருக்கும் பாருங்க.

பென் டிரைவ் வேணாம். அது எஃப்ஏடி32ங்கிற பழைய ஃபார்மேட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல உள்ள ஃபைல் ஏறவே ஏறாது, கல்யாண வீடியோ ஏதாவது இருந்தா அங்கயே நிக்கும். எக்ஸ்டர்னல என்டிஎஃப்எஸ்ல வெச்சுக்கோங்க.

மாலதி_தட்டச்சு:

தம்பி, எல்லாரும் டிஸ்க்கப் பத்தி பேசறாங்க, நான் ஃபாண்ட்டப் பத்தி சொல்றேன், தயவுசெஞ்சு இத விட்டுடாதீங்க.

நான் திருச்சில வீட்லயே ஜாப் டைப்பிங் பண்றேன். 2019ல என் சிஸ்டத்துக்கு ஃபார்மேட் பண்ணினாங்க. நான் கவனமாத்தான் இருந்தேன், டாக்குமென்ட், டெஸ்க்டாப், டவுன்லோட் எல்லாம் எடுத்து வெச்சேன், ஒரு ஃபைல் கூட தொலையல. அப்ப ரிட்டயர்ட் தமிழாசிரியர் ஒருத்தருக்கு அவரோட ஊர்க் கோயில் வரலாறு நானூறு பக்கம் அடிச்சு முடிச்சு, பின்னாடி பொருளடைவு வரைக்கும் போட்டு, அச்சுக்குக் குடுக்குற நேரம். புது விண்டோஸ்ல அந்த ஃபைலத் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்து இல்ல. வரிக்கு வரி ஆங்கில எழுத்து, நம்மோட மெய்யெழுத்து வர்ற எடத்துல எல்லாம் ஒரு அரைப்புள்ளி. பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்ட் முறைல புள்ளிக்கு அந்த அரைப்புள்ளிதானே கீ. ஃபாண்ட் இல்லன்னா அது அப்படியே அரைப்புள்ளியாத்தான் நிக்கும். நான் யூஸ் பண்ணினது பாமினி இல்ல, அதே கீபோர்டு முறைல உள்ள வேற ஒரு ஃபாண்ட்டு, பல வருஷம் முன்னாடி ஒரு சிடில வந்தது, அந்த சிடி எங்க போச்சுன்னே தெரியல.

பாமினிய மாத்திப் போட்டா படிக்க முடிஞ்சுது. ஆனா எழுத்தோட அகலம் வேற, அதனால வரி உடைஞ்சது, பக்கம் நகர்ந்தது, நானூறு பக்கம் நானூத்திப் பதினெட்டு ஆச்சு. பொருளடைவுல நான் போட்ட பக்க நம்பர் ஒண்ணு கூட சரியா வரல. பதினோரு ராத்திரி உக்காந்து திரும்ப பாத்தேன். அந்த வாத்தியாருக்கு கண் வேற சரியாத் தெரியாது, புத்தகம் கைல வர்றதுக்கு முன்னாடி நமக்கு ஏதாவது ஆயிடுமோன்னு அவரு கவலைப்பட்டது இன்னும் என் காதுல இருக்கு.

ஃபாண்ட் எல்லாம் டில இருக்காது. சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபாண்ட்ஸ்னு இருக்கும், அத முழுசா காப்பி பண்ணிக்கோங்க. விண்டோஸ் 10ல வெறுமனே இன்ஸ்டால்னு குடுத்தா உங்க யூசருக்கு மட்டும்னு வேற எடத்துல போய் உக்காரும், யூசர்ஸ்ல உங்க பேரு, ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ். ஆப்டேட்டா மறைஞ்சிருக்கும், வியூல போய் ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் பண்ணினாத்தான் தெரியும். ரெண்டு எடத்துலயும் எடுங்க. கீபோர்டுக்கு என்எச்எம் ரைட்டரோ அழகியோ எது வெச்சிருக்கீங்களோ அதுல உங்க செட்டிங் என்னன்னு ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, கை பழகின கீபோர்டு மாறிப் போச்சுன்னா ரெண்டு நாள் வேலையே ஓடாது.

இன்னொண்ணு. முக்கியமான வேலை எல்லாத்தையும் ஒரு பிடிஎஃப் போட்டு பக்கத்துலயே வெச்சுடுங்க. பிடிஎஃப்குள்ள வழக்கமா ஃபாண்ட் சேந்தே போயிடும், நாளைக்கு என்ன ஆனாலும் எப்படி இருந்துச்சுன்னாவது தெரியும். நான் இப்ப ஒவ்வொரு வேலை முடிஞ்ச உடனே அதத்தான் செய்றேன்.

யாழ்_அச்சகம்:

நான் யாழ்ப்பாணம். எங்கடை பக்கம் பழைய வேலையள் முழுக்க பாமினியிலைதான் கிடக்கு, அக்கா சொன்னது நூறு வீதம் சரி. நான் இன்னொண்டு சொல்லவேணும். நீங்கள் பக்கம் வடிவமைக்கிறதுக்கு பேஜ்மேக்கர் பாவிக்கிறனீங்கள் எண்டால் அதுக்குள்ளை வைக்கிற படம் எல்லாம் ஃபைலுக்குள்ளை இராது, பல படத்துக்கு டி டிரைவிலை இன்ன ஃபோல்டரிலை இன்ன படம் எண்டு வழியை மட்டும்தான் பிடிச்சு வைச்சிருக்கும். புது விண்டோஸ் போட்ட பிறகு அதே டிஸ்க் ஈ எண்டோ எஃப் எண்டோ வந்திட்டுதெண்டால் படம் தேடித் திரியும், திரையிலை மங்கலா ஒரு படம் காட்டும், அதை நம்பி பிரிண்ட் குடுத்தால் கட்டம் கட்டமாத்தான் வரும். நான் ஒருக்கா அப்பிடி 500 அழைப்பிதழ் அடிச்சு முடிச்ச பிறகுதான் கண்டனான். டிஸ்க் மேனேஜ்மென்டுக்குள்ளை போய் எழுத்தைத் திரும்ப டி எண்டு மாத்திவிடுங்கோ, ஃபோல்டர் பேரையும் மாத்தாதேங்கோ.

அச்சுக்கூடம்_புதுகை:

அக்கா, யாழ் அண்ணா, ரொம்ப நன்றி. பழைய பில் புக்கு எல்லாம் பேஜ்மேக்கர்லதான் இருக்கு, இது எனக்குத் தெரியவே தெரியாது. எக்ஸ்டர்னல் வாங்கிட்டேன், போட்டோ ஃபோல்டர்தான் இப்ப ஏறிக்கிட்டு இருக்கு, ரொம்ப மெதுவா போகுது. வன்தட்டு அண்ணே, எஸ்எஸ்டியும் சேத்தே வாங்கிடறேன், அடிக்கடி கடைய மூட முடியாது.

இன்னொரு சந்தேகம். வீட்ல அவங்க இதே சிஸ்டத்துல பக்கத்து ரெண்டு கடைக்கு டேலி கணக்கு போடுறாங்க. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது, அவங்களுக்கும் தெரியல, திறந்தா வருது அவ்வளவுதான். அப்புறம் குரோம்ல சேவ் பண்ணி வெச்ச பாஸ்வேர்டு எல்லாம் எப்படி எடுக்கறது?

பற்று_வரவு:

டேலிக்கு நான் சொல்றேன். டேலிபிரைம்னா வழக்கமா சி டிரைவ்ல யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டா, அதுக்குள்ள இருக்கும். பாருங்க, சி டிரைவ்! உங்க பேர்ல உள்ள ஃபோல்டர்ல கூட இல்ல, அதனால டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் எடுக்கிறவங்க இத அப்படியே விட்டுருவாங்க. உள்ள கம்பெனி பேரெல்லாம் இருக்காது, 10000, 10001ங்கிற மாதிரி நம்பர்ல ஃபோல்டர் இருக்கும், ஒரு நம்பர் ஒரு கம்பெனி. சில பேரு செட்டப் பண்ணும்போது வேற எடத்துல வெச்சிருப்பாங்க, டேலில கம்பெனி செலக்ட் பண்ற எடத்துல மேலயே பாத் காட்டும், அதப் பாத்து உறுதி பண்ணிக்கோங்க. டேலிக்குள்ளயே டேட்டால பேக்கப்னு இருக்கு, அதையும் எடுங்க, அந்த டேட்டா ஃபோல்டரையும் அப்படியே ஒரு காப்பி எடுங்க. காப்பி எடுக்கும்போது டேலி மூடி இருக்கணும்.

லைசென்ஸ் சொந்தமா வாங்கினதுன்னா ஃபார்மேட்டுக்கு முன்னாடி ஹெல்ப்ல செட்டிங்ஸ், லைசென்ஸ் போய் சரண்டர் பண்ணிடுங்க, அப்பதான் புதுசுல பிரச்சன இல்லாம ஆக்டிவேட் ஆகும்.

அப்புறம் வீட்டம்மாகிட்ட இத கண்டிப்பா சொல்லுங்க. பேக்கப்ப வேற ஒரு சிஸ்டத்துல டேலிய எஜுகேஷன் மோட்ல, அதாவது லைசென்ஸ் இல்லாம, போட்டு ரீஸ்டோர் பண்ணி, ரெண்டு கம்பெனியோட டிரையல் பேலன்ஸ் இங்க உள்ளதோட ஒத்துப் போகுதான்னு பாக்கணும். அது அவங்க கணக்கு இல்ல, அடுத்தவங்க நம்பிக் குடுத்த கணக்கு. ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் இருந்தா அதப் பத்தி கவலை வேணாம், சர்ட்டிஃபிகேட் அந்த டோக்கனுக்குள்ளயே இருக்கு, டிரைவரும் எம்சைனர்ங்கிற சாஃப்ட்வேரும் திரும்பப் போட்டாப் போதும்.

வன்தட்டு:

குரோம் ஃபோல்டர காப்பி பண்ணினா பாஸ்வேர்டு வராது, அது இந்த விண்டோஸ் யூசரோட கட்டிப் பூட்டி வெச்சிருக்கும், புது விண்டோஸ்ல திறக்காது. குரோம் செட்டிங்ஸ்ல பாஸ்வேர்டு மேனேஜர் போய் எக்ஸ்போர்ட் குடுங்க, சிஎஸ்வி ஃபைலா வரும், புதுசுல இம்போர்ட் பண்ணின உடனே அந்த ஃபைல அழிச்சிடுங்க, அது பூட்டு இல்லாத சாவிக்கொத்து மாதிரி, நோட்பேட்ல திறந்தாலே எல்லாம் தெரியும். கூகுள் அக்கவுன்ட்ல சின்க் ஆன் பண்ணி இருந்தா இந்த வேலையே இல்ல. வாட்ஸ்ஆப்ல கஸ்டமர் அனுப்பின படம் எல்லாம் டவுன்லோட்ஸ்லதான் இருக்கும், அங்கயும் ஒரு தடவ போய் பாருங்க.

விண்டோஸ் லைசென்ஸ் ஒரிஜினல்னா மதர்போர்டோட சேந்து பதிவாகி இருக்கும், டிஸ்க் மாத்தினாலும் நெட் வந்ததும் தானா ஆக்டிவேட் ஆயிடும். ஆஃபீஸ் கீய மட்டும் தேடி எழுதி வெச்சுக்கோங்க.

இத படிக்கிற வேற யாராவது லேப்டாப் வெச்சிருந்தா ஒண்ணு பாத்துக்கோங்க, டிஸ்க்கையே பூட்டி வெக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருக்கலாம், உங்களுக்கே தெரியாம இருக்கும். பயாஸ்ல எதையாவது மாத்தின உடனே 48 இலக்க ரிக்கவரி கீ கேட்டு நிக்கும். கை வைக்கிறதுக்கு முன்னாடியே அந்த நம்பர எடுத்து எழுதி வைங்க.

இப்ப காப்பி விஷயம். சாதாரண காப்பி பேஸ்ட் வேணாம், டெராகாப்பி போடுங்க, அதுல வெரிஃபை குடுத்தா எழுதினத திரும்பப் படிச்சு சரியா இருக்கான்னு பாக்கும், எது வரலங்கறத தனியா காட்டும். பேர் ரொம்ப நீளமா இருக்கிற ஃபைல், அதாவது மொத்த பாத்தும் சேந்து 260 எழுத்துக்கு மேல போனா, காப்பி ஆகாம நிக்கலாம், "மாப்பிள்ளை வீட்டார் திருத்தம் கடைசி கடைசி பைனல்"னு ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா பேர் வெச்சிருப்பீங்க, அதையெல்லாம் பாருங்க. முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல ஃபைல் எண்ணிக்கை ஒண்ணா இருக்கான்னு ஒப்பிடுங்க. சைஸ் ஆன் டிஸ்க் ரெண்டுலயும் வேற வேறயா காட்டும், அதப் பாத்து பயப்படாதீங்க, மேல சைஸ்னு இருக்கிற பைட் கணக்கு ஒத்துப் போனாப் போதும்.

எண்ணிக்கை சரின்னாலும் அதோட நிறுத்தாதீங்க. எக்ஸ்டர்னல கழட்டி எடுத்துக்கிட்டுப் போய் வேற ஒரு கடை சிஸ்டத்துல சொருகுங்க. பழைய பத்திரிகை ஒண்ணு, பில் புக்கு ஒண்ணு, போட்டோ நாலு, டேலி, ஒவ்வொண்ணா திறந்து கண்ணால பாருங்க. அங்க திறந்தாத்தான் அது பேக்கப். உங்க சிஸ்டத்துலயே திறந்து பாத்தா உங்க ஃபாண்ட் உங்க சாஃப்ட்வேர் எல்லாம் இருக்கு, கண்டிப்பா திறக்கும், அதுல ஒண்ணும் தெரியாது.

ஃபார்மேட் அன்னிக்கு தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சிஸ்டத்த ஆஃப் பண்ணிட்டு பழைய ஹார்ட் டிஸ்க்கோட சாட்டா கேபிள புடுங்கிடணும். உள்ள எஸ்எஸ்டி மட்டும் இருக்கணும், எக்ஸ்டர்னலும் இருக்கக் கூடாது. அந்த ஸ்கிரீன்ல ஒரே ஒரு டிஸ்க்தான் தெரியணும். அப்புறம் அவர் எத டெலீட் பண்ணினாலும் உங்களுக்கு நஷ்டமில்ல.

அச்சுக்கூடம்_புதுகை:

எல்லாருக்கும் நடந்ததச் சொல்லணும்னு வந்தேன்.

காப்பி முடிய மூணு நாள் ஆச்சு. ராத்திரி கடைய மூடிட்டு ஓட விட்டுட்டு காலைல வந்து பாப்பேன். கடைசில எண்ணிக்கை பாத்தா டில 1,12,406 ஃபைல், எக்ஸ்டர்னல்ல 1,12,391. பதினஞ்சு கொறையுது. அண்ணன் சொல்லலன்னா நான் இதப் பாத்திருக்கவே மாட்டேன், எல்லா ஃபோல்டரும் இருக்கேன்னு போயிருப்பேன். அதுல ஒம்பது ஃபைல் பேரு நீளம், பேரச் சுருக்கினதும் வந்துருச்சு. மிச்சம் ஆறு ஃபைல் எத்தன தடவ போட்டாலும் படிக்க முடியலன்னுதான் வருது.

ஆறுல அஞ்சு பரவால்ல. ஒண்ணு, எங்க தெருவுல இட்லிக் கடை வெச்சிருந்த ஒரு பாட்டியோட படம். அவங்க பேத்தி கல்யாண ஆல்பத்துல ஓரமா நின்னத வெட்டி எடுத்து, பின்னாடி இருந்த பந்தல் துணியெல்லாம் அழிச்சு, மூக்குத்தி தெரியற மாதிரி நான் ரெண்டு நாள் உக்காந்து சரி பண்ணின படம். அது வரல. அன்னிக்கு ராத்திரி சாப்பாடே எறங்கல. அப்புறம்தான் மாலதி அக்கா சொன்ன பிடிஎஃப் ஞாபகம் வந்துச்சு. போஸ்டர் அடிச்சப்ப திருச்சில ஃப்ளெக்ஸ் பிரிண்டிங்குக்கு மெயில்ல பிடிஎஃப் அனுப்பி இருந்தேன், சென்ட் மெயில்ல தேடினா 2022ல இருக்கு. கோரல்ல இம்போர்ட் பண்ணினா உள்ள அந்தப் படம் முழு சைஸ்லயே இருந்துச்சு. அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நண்பர் கடைல சொருகி ஒவ்வொண்ணா திறந்தேன். ரெண்டு பத்திரிகைல அந்த அரைப்புள்ளி வந்துச்சு. ஃபாண்ட் ஒண்ணு அந்த ஆப்டேட்டா ஃபோல்டர்ல மட்டும் இருந்திருக்கு, நான் மொத தடவ விண்டோஸ் ஃபோல்டர்ல மட்டும்தான் எடுத்திருந்தேன். திரும்பி வந்து அதையும் எடுத்தேன். டேலி ரெண்டு கம்பெனியும் வீட்டம்மாவே கூட வந்து பாத்தாங்க, பைசா சுத்தமா ஒத்துப் போச்சு.

நேத்து ஞாயித்துக்கிழமை தம்பி வந்தாரு. கேபிள புடுங்கச் சொன்னதும் எதுக்குண்ணேன்னு கேட்டாரு, சொன்னேன், நல்ல பையன், உடனே புரிஞ்சுக்கிட்டு இனிமே எல்லா எடத்துலயும் இப்படியே செய்றேன்னாரு. எஸ்எஸ்டில 11 போட்டு, எக்ஸ்டர்னல்ல இருந்து எல்லாத்தையும் டின்னு பேர் வெச்ச பார்ட்டிஷன்ல அதே ஃபோல்டர் பேரோட ஏத்தியாச்சு. பேஜ்மேக்கர் படமெல்லாம் தானா வருது. இப்ப ஆன் பண்ணின உடனே சிஸ்டம் வந்து நிக்குது.

பழைய டிஸ்க்க கழட்டி கவர்ல போட்டு மேல தேதி எழுதி வெச்சிருக்கேன். அத என்ன பண்றதுண்ணே, எக்ஸ்டர்னல கடை சிஸ்டத்துலயே சொருகி வெச்சுக்கலாமா?

வன்தட்டு:

ரொம்ப சந்தோசம்ணே. பாட்டி படம் கெடச்சது எனக்கே நிம்மதியா இருக்கு.

பழைய டிஸ்க்க ஒரு மூணு மாசம் தொடாம வைங்க, எதையாவது விட்டிருந்தா அதுக்குள்ள தெரிஞ்சுடும். அதுல இனிமே எதையும் சேமிக்காதீங்க.

எக்ஸ்டர்னல சொருகியே வெக்காதீங்க. வைரஸ் ஏதாவது வந்து ஃபைலப் பூட்டிச்சுன்னா சொருகி இருக்கிறதையும் சேத்துதான் பூட்டும், மின்னல் அடிச்சா ரெண்டும் ஒண்ணாப் போகும். வாரத்துக்கு ஒரு நாள் சொருகி புதுசா செஞ்ச வேலைய ஏத்திட்டு கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. பீட்டர் குரோக்னு ஒரு போட்டோகிராஃபர் சொன்ன 3-2-1 கணக்கு ஒண்ணு உண்டு, மூணு காப்பி, ரெண்டு வித சாதனம், அதுல ஒண்ணு வேற எடத்துல. உங்களுக்கு இப்ப ரெண்டு காப்பி இருக்கு. மூணாவதா அந்தப் பெரியவங்க படம் ஃபோல்டர மட்டும் கூகுள் டிரைவ்ல ஏத்துங்க, 15 ஜிபி வரைக்கும் காசில்ல, படம் மட்டும்னா தாராளமா பத்தும்.

ஒண்ணு மறக்காதீங்க, எஸ்எஸ்டி வேகமா இருக்கு, ஆனா அதுல இருந்து அழிஞ்சத மீட்கறது ஹார்ட் டிஸ்க் மாதிரி கெடையாது. ஹார்ட் டிஸ்க்ல தப்பா ஃபார்மேட் ஆனாக்கூட மேல எதுவும் எழுதலன்னா ஃபோட்டோரெக் மாதிரி மீட்கற சாஃப்ட்வேர் எதையாவது போட்டு, பேரெல்லாம் போய் வெறும் நம்பரா வந்தாலும், படத்தயாவது வெளிய எடுக்கலாம். எஸ்எஸ்டி அழிச்ச எடத்த தானே சுத்தம் பண்ணிடும், அநேகமா ஒண்ணும் கெடைக்காது.

அச்சுக்கூடம்_புதுகை:

சரிண்ணே. அந்த போட்டோ ஃபோல்டர் 6 ஜிபிதான் வருது, இப்பவே கூகுள் டிரைவ்ல ஏத்த விட்டிருக்கேன். எக்ஸ்டர்னல இன்னிக்கு ராத்திரியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், பீரோல பத்திரம் வெச்சிருக்கிற தட்டுலயே வெச்சிடறேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வரணும்னு வீட்டம்மா காலண்டர்ல இப்பவே குறிச்சு வெச்சுட்டாங்க.